ரோல்பிளேயிங் கேம்களில் கதையைத் தீர்மானிப்பவர் யார்?

நிலவன்:
நாம் ஒரு பாத்திரமாக மாறி முடிவுகளை எடுக்கும் இந்த வீடியோ விளையாட்டுகளில், விளையாடுபவரின் சுதந்திரம் கூடக்கூடக் கதை நீர்த்துப்போகிறது என்பதே என் கருத்து. 2015இல் வெளிவந்த 'தி விட்சர் 3' விளையாட்டில் ஒரு பகுதியை ஆளும் பாரன் என்பவனின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் சிறைப்பட்ட ஆவியை விடுவித்தால், சதுப்புநிலத்துச் சூனியக்காரிகளிடமிருந்து அனாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் பாரனின் மனைவி அன்னா சாபத்தால் உருமாறி இறக்கிறாள், பாரன் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றால் அன்னா சித்தம் கலங்கியேனும் உயிரோடிருக்கிறாள், குழந்தைகள் பலியாகிறார்கள். குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒருவனுக்காக நம்மை இரங்க வைக்க முடிந்ததென்றால், நாம் இயக்கும் நாயகன் கெரால்ட் எப்படிப் பேசுவான் என்பது எழுதியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்ததுதான் காரணம்.

குறிஞ்சி:
எழுத்தின் தரத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ஆவியை விடுவிக்கும்போது அன்னாவின் கதியும் அதில் அடங்கியிருப்பதை ஊகிக்கவே முடியாது. அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது? 2010இல் வந்த 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' விளையாட்டின் தொடக்க ஊர் குட்ஸ்பிரிங்ஸ். அதைக் கைதிக் கும்பலிடமிருந்து காக்க நினைத்தால், வெடிபொருள் அறிவுள்ளவருக்கு ஈஸி பீட் டைனமைட் தருவார். பேரம் தெரிந்தவருக்குக் கடைக்காரர் செட் சரக்கு தருவார். மருத்துவம் அறிந்தவருக்கு டாக்டர் மிட்செல் மருந்து தருவார். கும்பலோடு சேர்ந்து அதே ஊரைத் தாக்கவும் வழியுண்டு. நாம் வளர்த்த பாத்திரத்தின் இயல்பே அங்கே கதையாகிறது.

நிலவன்:
அதே விளையாட்டில், யாரைக் கொன்றாலும் முதன்மைக் கதை நின்றுவிடாமலிருக்க, அழித்தாலும் வேறோர் இயந்திர உடலில் திரும்பி வரும் யெஸ் மேன் என்ற பாத்திரத்தை வைக்க வேண்டியிருந்தது. எதற்கும் சம்மதிக்கும் ஒருவனோடு பேசுவதில் என்ன நாடகம் இருக்கிறது? பாரன் கதையிலோ, முன்பின் அறியாத ஓர் ஆவியை நம்பலாமா என்பதே கேள்வி. விளைவு தெரியாமல் எடுத்தாலும் அது நம் முடிவுதான்.

செம்பருதி:
இருவரும் ஒரு விளையாட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் 2007இல் வந்த முதல் பாகத்தில் குரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்துத் தோழன் ரெக்ஸைச் சாகவிட்டு, 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்த இனத்தின் பிறப்பைத் தடுக்கும் நோய்க்கு மருந்து தேடிய மேலனின் ஆய்வுத் தரவுகளையும் அழித்திருந்தால்தான், 2012இல் வந்த மூன்றாம் பாகத்தில், அந்த மருந்தைப் பரப்பப் போய் உயிரைவிடவிருக்கும் விஞ்ஞானி மார்டினை வாதிட்டுத் தடுத்து உயிரோடு காப்பாற்ற முடியும். இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைத்திருந்த விளையாட்டின் இறுதிக் காட்சிகள் பெரும்பாலும் நிறத்தில் மட்டுமே வேறுபட்டன. ரசிகர்களின் கோபத்துக்குப் பிறகு, அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் அதே ஆண்டு விரிவாக்கிய முடிவை இலவசமாக வெளியிட்டது. ரசிகர்கள் அதிகச் சுதந்திரம் கேட்கவில்லை. முன்பு செய்தவற்றுக்குப் பதில் கேட்டார்கள்.

குறிஞ்சி:
மார்டின் உதாரணம் என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. ரெக்ஸ் இல்லாத குரோகன் இனத்தை நம்ப முடியாது என்று நாம் அவரிடம் வாதிடுகிறோம். அந்த வாதத்தை உண்மையாக்கியவர்களும் நாமே. பாரனின் மனைவிக்கு நேர்ந்ததில் அப்படி நான் பொறுப்பேற்க எதுவும் எனக்குத் தெரியவில்லை, நிலவன். அங்கே நான் வருந்தினேன். மார்டினிடம் பேசும்போதுதான் வெட்கப்பட்டேன்.