புதுப்பிப்பு: மான்டில், மேஸ் அட்டைகள் குறித்த ஒரு திருத்தம்

டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட, வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டையே அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மான்டிலின் முதல் அட்டை என்று முந்தைய பதிவில் நான் எழுதியது பிழை. 1951இல் வெளிவந்த, அளவில் சிறிய போமன் நிறுவன அட்டையே முதலாவது, மற்றொரு வீரரான வில்லி மேஸுக்கும் அவ்வாறே. ஆயினும், 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது, நீலப் பின்னணியில் மஞ்சள் மட்டையைத் தோளில் சாய்த்தபடி மான்டில் நிற்கும் 311ஆம் எண் டாப்ஸ் அட்டைதான். அதே வரிசையின் 261ஆம் எண்ணான மேஸ் அட்டை அந்த விலையை நெருங்குவதில்லை. மேஸ் அடித்த ஹோம் ரன்கள் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டங்கள்) 660, மான்டில் அடித்தவை 536 என்பதால், விலை ஆட்டத்திறனை அளப்பதில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அட்டை அரிதாக இருப்பதும் விலைக்கு ஒரு காரணம்: 311ஆம் எண்ணில் தொடங்கிய கடைசித் தொகுதி பேஸ்பால் பருவம் முடியும் தறுவாயில் வந்து விற்காமல் தேங்கியது; விற்காத பெட்டிகளைப் பின்னர் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் அட்டைகளை வடிவமைத்த சை பெர்கரே கூறியிருக்கிறார்.