டாக்குமெண்டரி பிட்ச்சிங் (படத்த பத்தி சொல்லி காசு கேக்குறது) போன அனுபவம் உள்ளவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம், நான் மலேசியா, சுங்கை சிப்புட்ல இருக்கேன். பால்மரம் வெட்டுன பாட்டிங்கள வச்சி ஒரு டாக்குமெண்டரி எடுக்குறேன், ரப்பர் போயி செம்பனை வந்து லயத்த (தோட்டத்து வரிசை வீடுங்கள) காலி பண்ண சொன்னப்ப இவங்கெல்லாம் எங்க போனாங்க, அதான் கதை. காலைல ஆள் எடுக்குற பிரட்டுக்களம் இருந்த இடத்த கை நீட்டி காட்டுறவங்களுக்கு வயசாகுது, தள்ளிப்போட மனசே வரல.

இப்ப காசுக்கும் நல்ல புரடியூசருக்கும் வழி தேடுறேன். இங்க அரசாங்கத்தோட சினிமா வாரியம் ஃபினாஸ் இருக்கு, ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் கிராண்ட் இருக்கு. வெளிநாட்டுலயும் கேட்டு பாக்கலாம்னா, நவம்பர்ல ஆம்ஸ்டர்டாம்ல இட்ஃபா டாக்குமெண்டரி விழாவோட நடக்குற இட்ஃபா ஃபோரம்ல டிவிக்காரங்க, ஃபண்ட் குடுக்குறவங்க எல்லார் முன்னாலயும் நின்னு சில நிமிசத்துல படத்த சொல்லணும், இங்கிலாந்து ஷெஃபீல்ட் டாக்குமெண்டரி விழாவோட மீட்மார்க்கெட்ல மேடை இல்லாம ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியா உக்காந்து பேசணும். மொத தடவ போறவங்களுக்கு எது நல்லது? டீசர் எவ்ளோ நீளம் வேணும், தனி ஆளா அப்ளை பண்ணா எடுப்பாங்களா?

எனக்கு பெரிய கேள்வியே வேற. வெளிநாட்டுக்காரங்களுக்கு தோட்டம், தண்டல் (வேலைய மேற்பார்க்குறவரு), கிராணி (தோட்டத்து கிளார்க்) எதுவும் தெரியாது, ரொம்ப விளக்குனா பாட்டிங்க குரல் அமுங்கிடும், விளக்காம விட்டா புரியாது, இத எப்படி சமாளிச்சீங்க?

ட்ரீட்மென்ட் (படம் எப்படி போகும்னு எழுதுனது) ரெடி. படிச்சி சொல்ல நேரம் இருக்குற அண்ணன் அக்காங்க பிஎம் பண்ணுங்க, ஈப்போ பக்கம்னா நேர்லயே வந்து பாக்குறேன்.