ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்கு ரெண்டும் சேர்ந்து எரிஞ்ச அனுபவம் யாருக்கு இருக்கு?

பின்சக்கரம்:
பின் வீல் பேரிங் மாத்தி வண்டி கைக்கு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுது. ரியர் வீல் டிரைவ் கூபே. ஸ்டார்ட் பண்ணினா விளக்கெல்லாம் அணைஞ்சு சமத்தா இருக்கும். இருபது கிலோமீட்டர் வேகம் தாண்டினதும் பிரேக் போட்டா சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கிற ஏபிஎஸ் விளக்கும், சக்கரம் வழுக்கிச் சுத்தாம பாத்துக்கிற டிராக்‌ஷன் விளக்கும் ஒண்ணா எரியும். ஸ்கேனர்ல வலது பின் சக்கரத்துல சிக்னல் இல்லைன்னு வருது. ஒர்க்‌ஷாப்ல சக்கரம் சுத்துற வேகத்தைப் படிக்கிற சென்சார் மாத்தினாங்க, வயரிங் பார்த்தாங்க, கடைசியில ஏபிஎஸ்ஸோட கட்டுப்பாட்டுப் பெட்டி, அந்த மாட்யூலே அவுட்டுன்னு ஒரு தொகை சொன்னாங்க. அந்த லட்சணத்துலயே கொல்லிமலை போனேன். 70 கொண்டை ஊசி, மழை வேற.

இறங்கினதும் நாமக்கல்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன், வயசானவர். சென்சார் பக்கம் சாக்பீஸால குறி போட்டு பேரிங்கை எடுக்கச் சொன்னார். பில் கட்டுல இருந்து ஒரு ஜெம் கிளிப்பை உருவி, குறி போட்ட பக்கம் வச்சார். விழுந்துடுச்சு. திருப்பி மறுபக்கம் வச்சார். ஒட்டிக்கிட்டு நின்னுச்சு! பேரிங்ல சென்சார் படிக்கிற காந்த வளையம் இருக்கிற பக்கத்தை மாத்தி அழுத்தியிருக்காங்க. பார்க்க ரெண்டு பக்கமும் ஒரே கறுப்பு சீல்தான். அழுத்தி எடுத்த பேரிங் மறுபடி ஆகாது, புதுசு வாங்கினேன். மாட்யூல் விலை சொன்னவர் முகம்தான் இன்னும் மனசுல நிக்குது.

டோல்கேட்வாசி:
உங்களுக்கு விளக்காவது எரிஞ்சுது. எனக்கு ஒண்ணுமே எரியல. ஸ்ரீபெரும்புதூர் டோல் வரிசையில ஊர்ந்துக்கிட்டு பிரேக் தொட்டா, பெடல் காலுக்கடியில கர்ர்ர்னு உதறுது. வண்டி நிக்காம நகருது, முன்னாடி லாரியோட பின்பலகை கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. காய்ஞ்ச ரோடுங்க! லைவ் டேட்டாவுல நாலு சக்கரத்தையும் சேர்த்துப் பார்த்தப்பதான் புரிஞ்சுது. மூணு சக்கரம் எட்டு, ஏழுன்னு இறங்குது, இடது முன்சக்கரம் மட்டும் தடால்னு பூஜ்யம். சக்கரம் லாக் ஆயிடுச்சுன்னு நம்பி ஏபிஎஸ் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்குது. சக்கரத்தோட சுத்துற, சென்சார் படிக்கிற வளையமான டோன் ரிங்ல மயிரிழை விரிசல்.

மீட்டர் மாமா:
பின்சக்கரம் சார், ஜெம் கிளிப் எல்லா வண்டிக்கும் செல்லாது. பல்லு வெட்டின இரும்பு ரிங் இருக்கிற பழைய வண்டியில காந்தம் சென்சாருக்குள்ள இருக்கும்.

நம்ம கதை சின்னது. டயர் கடையில ஸ்டாக் இல்லைன்னு பின்னாடி வேற அளவு மாட்டி அனுப்பிட்டாங்க, சுத்துற வேகம் மாறினதால சக்கரம் வழுக்குதுன்னு நம்பி நேர் ரோட்டுலயே டிராக்‌ஷன் விளக்கு மினுக்குச்சு. சரியான அளவு போட்டதும் போச்சு.

புதுசா வர்றவங்களுக்குச் சொல்றேன். வண்டியில சொருகி கோளாறு கோடு படிக்கிற மலிவு ஓபிடி டாங்கிள் பெரும்பாலும் பி-ல தொடங்குற இன்ஜின் கோடு மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ் கோடு சி-ல தொடங்கும். ஜிஎம் கம்பெனி வண்டியில சி0035ன்னா இடது முன்சக்கர சென்சார். 1997 முதல் 2004 வரைக்கும் வந்த ஜிஎம்மோட ஸ்போர்ட்ஸ் கார் கார்வெட் சி5-ல ஸ்கேனரே வேண்டாம். இக்னிஷன் போட்டு, ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பிடிச்சபடி ஃப்யூயல் பட்டனை 4 தடவை தட்டினா டேஷ்போர்டே கோடு காட்டும். பக்கத்துல எச்-னா பழைய கோளாறு, சி-னா இப்பவும் இருக்கு. எல்லா கம்பெனியும் இப்படி வச்சா என்ன குறைஞ்சா போயிடும்? அப்புறம், காந்தத்தை உணர்ற ஹால் சென்சார்ல ஓம் மீட்டர் வைக்காதீங்க. அலைன்மென்ட் பண்ணினா ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஜீரோ பண்ணச் சொல்லுங்க. பேட்டரி வோல்டேஜையும் பாருங்க. ரேஸ் டிராக்குக்குப் போறவங்க ஏபிஎஸ் ஃபியூஸை உருவிட்டா தலைவலியே இல்ல.

மூணாவது கியர்:
மாமா, எல்லாம் சரி, அந்தக் கடைசி வரியை மட்டும் அழிச்சிடுங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல அப்படி ஃபியூஸ் உருவின வண்டியில பக்கத்து சீட்ல இருந்தவன் நான். ஏபிஎஸ் போனா அதோட முன், பின் பிரேக் விசையைப் பங்கிடுற இபிடியும் போகும். பிரேக் மிதிச்சா எடை முன்னாடி சாயும், பின்சக்கரம் முதல்ல லாக் ஆகும். கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வண்டி சுத்தி, முன்கண்ணாடியில நாங்க வந்த ரோடே தெரியுது, எங்களுக்குப் பின்னால வந்துக்கிட்டிருந்தவரோட ஹெட்லைட் நேருக்கு நேரா. எந்த வண்டியிலயும் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோட சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிஞ்சா ஓட்டாதீங்க. டிராக்‌ஷனை மட்டும் அணைக்கத்தான் பட்டன் இருக்கே.

மீட்டர் மாமா:
ஓட்டத் தெரியாதவன் ஓட்டினா ஃபியூஸ் என்ன பண்ணும் தம்பி.

டோல்கேட்வாசி:
சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. டோன் ரிங் மட்டும் தனியா கிடைக்குமா, இல்ல ஹப்போட சேர்த்துத்தான் வாங்கணுமா?