சின்னக் கைத்துப்பாக்கிக்கு 9 மில்லிமீட்டரா, 380-ஆ?

சாட்ஸ்வொர்த் கடைக்காரன்: இங்கே டர்பனில் (தென்னாப்பிரிக்கா) இரவு 8 மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பணப்பையோடு தனியாகக் கிளம்புகிறேன். துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதிச் சான்றிதழ் வந்துவிட்டது. தற்காப்பு உரிமத்தில் ஒரே ஒரு துப்பாக்கிதான், தப்பாக வாங்கிவிட்டால் பெரும்பாடு. மணிக்கட்டு வலி வேறு. 380 என்னும் சிறிய தோட்டா போதுமா, 9 மில்லிமீட்டர் தோட்டா வேண்டுமா?

ஃபீனிக்ஸ் மாமா: 9 எடு தம்பி. தோட்டா சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு, நிறையப் பழகலாம். 380 தோட்டாக் கூட்டின் நீளம் 17 மில்லிமீட்டர், 9-க்கு 19. 9-இல் வெடிமருந்தும் வேகமும் அதிகம்.

டோங்காட் அக்கா: மாமா, அவர் மணிக்கட்டைப் பற்றியல்லவா கேட்டார்! என்னிடம் இருந்த குட்டி 380 ப்ளோபேக் வகை, அதாவது சுடும்போது ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பாகம்) அதன் எடையும் கெட்டி ஸ்பிரிங்கும் மட்டுமே தாங்கும். ஸ்லைடை இழுக்கவே உயிர் போகும், உதையும் சுருக்கென்று ஏறும். கொஞ்சம் எடை கூடிய 9 மில்லிமீட்டர் துப்பாக்கியை ரேஞ்சில் (சுட்டுப் பழகும் இடம்) இரவல் வாங்கி 50 தோட்டா சுட்டுப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் கடைக்காரன்: சரி அக்கா, சனிக்கிழமை போகிறேன்.