பாஸ்டன் லத்தீன் ஸ்கூல்: 1972 பத்தி தகவல் வேணும்

கட்டுரை ஒண்ணு எழுத ஆரம்பிச்சு நடுவுல மாட்டிக்கிட்டேன், யாராச்சும் கை குடுங்க. பாஸ்டன் லத்தீன் ஸ்கூல் அமெரிக்காவுல 1635ல ஆரம்பிச்ச அரசுப் பள்ளி, ஹார்வர்ட் யுனிவர்சிட்டியே அதுக்கு அடுத்த வருஷம்தான் வந்துச்சு. அமெரிக்காவ உருவாக்கின தலைவர்கள்ல ஒருத்தரான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இங்க படிப்ப முடிக்காம போனவரு, ஆனாலும் ஹால் சுவத்துல அவர் பேரு பெருசா இருக்கு, செமல்ல! பிரச்சனை என்னன்னா 330 வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட பசங்க மட்டுமே படிச்சிட்டு 1972லதான் பொண்ணுங்கள சேத்தாங்க, அத பத்தி எங்க தேடினாலும் ஒத்த வரிதான் வருது. ஸ்கூல் வெப்சைட், விக்கிபீடியா, பழைய பேப்பர் ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, அங்க படிச்ச பெரிய மனுஷங்க லிஸ்ட்டுதான் திரும்பத் திரும்ப கெடைக்குது. அந்த மொத பேட்ச் பொண்ணுங்க கிளாஸ்ல எப்படி இருந்துச்சுன்னு அவங்க வாயாலயே சொன்ன பேட்டி எங்க கெடைக்கும்?