ரேடார்ல கோடு சுத்துது, கப்பல் தெரியமாட்டேங்குது

உவரிக்காரன்:
அண்ணாச்சிமாரே, நம்ம போட்டு தூத்துக்குடில நிக்கி. மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் கரையேத்தி வேலை பாத்துட்டு ஜூன் 15 எறக்குனோம், அன்னைலேருந்து ரேடார் ஆன் ஆவுது, வார்மப் முடியுது, டிரான்ஸ்மிட் (அலை அனுப்புத பட்டன்) போட்டா ஹெட்டிங் லைன், அதான் போட்டு பாக்குத தெசையக் காட்டுத கோடு, வருது ஆன்டெனாவும் சுத்துது, ஆனா நங்கூரம் போட்டு நிக்க கப்பல் கூட கிடையாது, கிட்டக்க இருக்கத மட்டும் பொகை மாதிரி லேசா காட்டுது. கடைல கேட்டா எடுத்த எடுப்புல மேக்னெட்ரான், அதான் ரேடார் அலைய உண்டாக்குத பாகம், போச்சுங்கான். வெலைய கேட்டா மயக்கமே வருது. அதுக்கு முன்ன நாமளே பாக்க ஏதாச்சும் இருக்கா?

வயரிங்_வேலை:
அவசரப்பட்டு வாங்காதீரும் வே. மீட்டர பேட்டரில வைக்காதீரும், ரேடார் பிளக்குல வையும். ஸ்டேன்ட்பைல 24 வோல்ட் காட்டும், டிரான்ஸ்மிட் போட்ட ஒடனே எவ்வளவு எறங்குதுன்னு பாரும். கச்சான் காத்துல உப்புத்தண்ணி அடிச்சு ஜாயின்ட் எல்லாம் பச்சையா பூத்துக் கெடக்கும். அது சரின்னா சீ கிளட்டர் (அலைய மறைக்குதது), ரெயின் (மழைய மறைக்குதது) ரெண்டையும் ஜீரோ பண்ணி, கெய்ன, அதான் திரும்பி வார சிக்னல பெருக்குதத, ஃபுல்லா ஏத்தும். ஆட்டோ டியூன விட்டுட்டு ரிசீவர கையால டியூன் பண்ணிப் பாரும்.

கரையோரம்:
இன்னொன்னு. இன்டர்ஃபியரன்ஸ் ரிஜெக்ஷன (அடுத்த ரேடார் அலைய மறைக்குத செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு மத்த போட்டு ரேடார் ஓடுத நேரம் பாருங்க. புள்ளிப்புள்ளியா வளைஞ்ச கோடு வந்துச்சுன்னா ரிசீவர் வேலை செய்யுது, நாம அனுப்புததுலதான் கோளாறு. பெரிய கப்பல்ல 10 செ.மீ. எஸ் பேண்ட் மட்டும் ஓடுனா நமக்கு வராது, நம்மது 3 செ.மீ. எக்ஸ் பேண்ட்.

உவரிக்காரன்:
24 அப்படியே நிக்கி அண்ணாச்சி. வளைஞ்ச கோடும் நல்லாவே வருது. அப்ப மேக்னெட்ரானேதானா?

பழைய_செராங்:
கொஞ்சம் பொறும். கரையேத்துன நேரம் பெயின்ட் அடிச்சீங்கல்லா, ஆன்டெனா மேலயும் அடிச்சானுவளா? சில்வர் பெயின்ட்ல இருக்கது அலுமினியத் தூள், ரேடார் அலைய அது மறிச்சிரும். அடுத்தவன் அலை அந்த பெயின்ட ஒரு தடவதான் தாண்டி வரணும், அதுவும் நேரா பலமா வரும். நம்ம அலை போவும்போது ஒருக்க, கப்பல்ல மோதி செத்துப்போயி திரும்பும்போது இன்னொருக்க தாண்டணும். அதனால வளைஞ்ச கோடு வருதுங்கத மட்டும் வச்சு மேக்னெட்ரான் மேல பழி போட முடியாது.

உவரிக்காரன்:
அட ஆமா, இப்பதான் ஏறிப் பாத்தேன். கேபினுக்கு அடிச்ச சில்வர்ல மிச்சத்த பெயின்டர் அங்கயும் இழுத்து விட்டுருக்கான், பளபளன்னு இருக்குன்னு மொதலாளிக்கு சந்தோசம் வேற. தின்னர் போட்டு தொடைச்சிரட்டா?

பழைய_செராங்:
தின்னர், அசிட்டோன் எதும் கிட்ட கொண்டு போவாதீரும், ஆன்டெனா மூடி பிளாஸ்டிக்கு, கீறல் விட்டுரும். சுரண்டவும் வேண்டாம். டெக்னீசியன கூப்பிட்டு அந்த மூடிய காட்டும், பெயின்ட எடுக்க முடியுமா மூடியவே மாத்தணுமான்னு அவரு சொல்லுவாரு. அதுக்கப்புறமும் தெரியலன்னா மெனுவுல டிரான்ஸ்மிட் எத்தன மணி நேரம் ஓடிருக்குன்னு பாரும், சில ஆயிரம் தாண்டிருந்தா கடைக்காரன் சொன்னதுலயும் ஞாயம் இருக்கு. மேல ஏறுதுக்கு முன்ன பிரேக்கர ஆஃப் பண்ணும் வே, எவனாச்சும் கீழ பட்டன அமுக்கி ஆன்டெனா சுத்திச்சுன்னா ஆள தள்ளி விட்டுரும். உள்ள தொறந்து கைய விடவே கூடாது, ஆஃப் பண்ணுன பொறவும் ஹை வோல்டேஜ் நிக்கும்.