மில்லில் ஆட்குறைப்பு: ராஜினாமாவில் கையெழுத்துப் போடலாமா?

ரிங்பிரேம் சைடர், வாடிப்பட்டி:
நூல் மில்லுல நூல் நூக்குற ரிங்பிரேம் மிஷின் பாக்குற சைடர் நான், 11 வருச சர்வீஸ். பேசிக்கும் டிஏவும் சேர்த்து 13,000. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காக்காரன் 50 சதவீத வரி போட்டான், திருப்பூர் ஆர்டர் படுத்துச்சு, எங்க குடோன்ல கோன் மூட்டை அட்டி அட்டியா தேங்கிருச்சு. முதல்ல புல் நைட்டை நிறுத்துனாங்க. அப்புறம் மாசாமாசம் பத்துப் பதினஞ்சு பேரா கழிக்கிறாங்க. இந்த மாசம் டைம் ஆபீஸ்ல ஒட்டுன லிஸ்ட்டுல எம்பேரு இருக்கு, நூலைக் கோன்ல சுத்துற வைண்டிங் செக்சன்ல 7 வருசமா நிக்கிற எங்க வீட்டம்மா பேரும் இருக்கு. "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்"னு அவங்களே டைப் அடிச்ச தாளை நீட்டுறாய்ங்க. கையெழுத்துப் போட்டா எல்லாத்துக்கும் சேர்த்து எனக்கு 60,000. ஜூன்ல பிள்ளைக்குப் பீஸ் கட்டணும். போட்டுறலாமா அண்ணே?

பழைய மில்காரன், பழங்காநத்தம்:
போட்டுறாதீங்க தம்பி. கிராஜுவிட்டி, அதான் சர்வீஸுக்குக் குடுக்குற பணிக்கொடை, அது மட்டுமே கணக்குப் பாருங்க: மாசத்துக்கு 26 வேலை நாளுன்னு 13,000ஐ 26ஆல வகுத்து, வருசத்துக்கு 15 நாள் சம்பளம்னு 15ஆல பெருக்குனா 7,500. பதினோரு வருசத்துக்கு 82,500. நீங்களா விலகுனாலும் அவங்களா நிறுத்துனாலும் இது உங்க காசு. அதுலயே 22,500 குறைச்சுக் குடுத்துட்டு மத்ததையும் அமுக்கப் பாக்குறாங்க.

மத்ததுன்னா, ஆட்குறைப்புன்னு அவங்க வாயால சொல்லி அனுப்புனா ஒரு மாச நோட்டீஸ், இல்லாட்டி அந்த மாசச் சம்பளம். அதுபோக வருசத்துக்கு 15 நாள் சம்பளம் நட்டஈடு. ராஜினாமான்னு எழுதிக் குடுத்துட்டா இந்த ரெண்டும் போச்சு. அந்தத் தாளை இவ்வளவு அவசரமா நீட்டுறது இதுக்குத்தான். புதுத் தொழிலாளர் சட்டத்துல 300 பேருக்குக் கீழ இருக்குற மில்லு ஆட்குறைப்புக்கு அரசாங்க அனுமதி கேக்க வேண்டாம்னு ஆக்கிட்டாங்க, முன்னால அது 100. அது தொழிலாளிக்குப் பெரிய அடிதான். ஆனா நோட்டீஸும் நட்டஈடும் அப்படியே இருக்கு.

எங்கூட இருந்த ஜாபர் (ஆளுகளை மேய்க்கிற மேஸ்திரி) ஒருத்தர் இதே வாசகத்துல கையெழுத்துப் போட்டாரு. பின்னால கேஸுக்குப் போனப்ப மில் தரப்பு வேற ஒண்ணும் பேசல, அந்த ஒத்தத் தாளைத்தான் எடுத்து வச்சாங்க. அந்த ஆத்தாமை எனக்கு இன்னும் தீரல.

லிஸ்ட்டை போட்டோ எடுங்க. சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ கார்டு எல்லாம் பத்திரம். உங்க செக்சன்ல உங்களுக்குப் பின்னால சேர்ந்தவன் உள்ள நிக்கிறானான்னு பாருங்க. கடைசியா வந்தவன்தான் முதல்ல போகணும். அப்படி இல்லேன்னா லிஸ்ட்டுல இருக்குற எல்லாருமா சேர்ந்து தொழிலாளர் உதவி ஆணையர்கிட்ட மனு குடுங்க. தனியா போனா அலையவிடுவாங்க.

கப்பலூர் அக்கா:
உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு சொல்றேன் தம்பி. பீஎஃப்ல பென்சன் பங்கை மட்டும் எடுத்துற வேணாம். பத்து வருசம் ஆனாத்தான் பென்சன். அவங்களுக்கு இன்னும் மூணுதான் பாக்கி. இத்தனை வருச பென்சன் சர்வீஸ் இருக்குன்னு பீஎஃப் ஆபீஸ் குடுக்குற ஸ்கீம் சர்ட்டிபிகேட்டை வாங்கி வச்சா அடுத்த கம்பெனி சர்வீஸோட சேர்ந்துரும். எங்க யூனிட்ல நெறைய பொண்ணுக அவசரத்துக்கு எடுத்துட்டு இப்ப முதல்ல இருந்து எண்ணுறாங்க.

ரிங்பிரேம் சைடர், வாடிப்பட்டி:
82,500ங்கிற கணக்கை இதுவரை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. லிஸ்ட்டுல பதினாலு பேரு இருக்கோம், ஏற்கனவே மூணு பேரு போட்டுட்டாங்க. மத்தவங்களை ராத்திரி ஷிப்ட் விட்டதும் டீக்கடையில கூட்டிருக்கேன். அண்ணே, போட்டுட்ட அந்த மூணு பேருக்கு வழி ஏதும் இருக்கா?

பழைய மில்காரன், பழங்காநத்தம்:
கிராஜுவிட்டி பாக்கியைக் கண்டிப்பா கேக்கலாம். அதை விட்டுக்குடுத்தேன்னு எழுதி வாங்குனாலும் செல்லாது. அஞ்சு வருசம் முடிச்சவங்கதானான்னு மட்டும் கேட்டுக்கங்க. மிரட்டித்தான் வாங்குனாங்கன்னா அதையும் மனுவுல எழுதணும், நாள் கடத்தக் கூடாது. அவங்களையும் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க.